பழைய தோல் ஆலை மனை விலைக்கு வந்தால்...

ஆலங்காயத்திலிருந்து வாணியம்பாடிக்குச் சரக்கு எடுக்கப் போய்வரும் நம் வணிகர்களுக்கு, மூடிக்கிடக்கும் டேனரிகளின் மதில் சுவர்கள் புதிய காட்சியல்ல. அந்த மனைகளில் ஒன்று விலைக்கு வருகிறது என்று தரகர் சொன்னால் யாருக்கும் ஆசை வரும். ரோட்டு மேலேயே இடம், லாரி திரும்ப வசதி, அக்கம்பக்கத்து விலையை விடக் குறைவு. அரிசி மூட்டையும் பருப்பு மூட்டையும் அடுக்கக் குடோனுக்கு இதைவிடத் தோதான இடம் ஏது? அட்வான்ஸ் கொடுக்கும் முன் விலை ஏன் குறைவாக இருக்கிறது என்று கேட்க வேண்டும். அதற்காகத்தான் இக்கட்டுரை.

தோல் பதனிடுவது நம் பகுதிக்கு நேற்று வந்த தொழிலல்ல. முன்பு ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்டார்கள். ஜவ்வாது மலைக் கடுக்காய்க்கு அதனால் ஒரு மதிப்பும் இருந்தது. 1970-களின் தொடக்கத்தில், பாதி பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்வதற்கு மத்திய அரசு கட்டுப்பாடு கொண்டுவந்து, முழுதாக முடித்த தோலையும் தோல் பொருளையும் ஊக்குவித்தது. அன்னியச் செலாவணி பெருகியது. அதோடு குரோமியப் பதனிடலும் பரவியது. ஒரு கிலோ தோலை முடிக்க சுமார் 35 லிட்டர் தண்ணீர் செலவாகி, உப்போடும் ரசாயனத்தோடும் வெளியேறுகிறது என்று பின்னாளில் உச்ச நீதிமன்றமே குறிப்பிட்டது. வேலூர் குடிமக்கள் நலமன்ற வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் அமர்வு அளித்த அந்தத் தீர்ப்பில்தான், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதி என உறுதியானது. சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ கெட்டுப்போனது என்ற கணக்கும் அதில் உண்டு.

மளிகைக்காரருக்கு அந்தக் கணக்கின் பொருள் வேறு யாரும் சொல்லாமலே புரியும். கிணறு உப்பானால் நெல் போகும், நெல் போனால் அறுவடைக்குத் தருகிறேன் என்று கடை நோட்டில் எழுதிய கடன் நிற்கும். நஷ்டஈடு கணக்கிட அமைத்த ஆணையம் 2001-ல் சுமார் 29 ஆயிரம் பேரைப் பாதிக்கப்பட்டவர்களாகக் கண்டது. அந்தப் பட்டியலில் கடைக்காரரின் வராத பாக்கிக்கு இடமில்லை.

இனி ராணிப்பேட்டை. அங்கே சிப்காட் வளாகத்தில் தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்டு கெமிக்கல்ஸ் என்ற ஆலை, டேனரிகளுக்கு வேண்டிய குரோமிய உப்புகளைத் தயாரித்து வந்தது. 1990-களின் நடுவில் மூடப்பட்டது. ஆலை போனது, கழிவு போகவில்லை. ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல் என்று மதிப்பிடப்பட்ட குவியல் திறந்தவெளியில் கிடந்தது. மழை பெய்தால் மஞ்சள் நீர் வழிந்தது. 2006-ல் அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் நிறுவனம் வெளியிட்ட உலகின் மிக மோசமான பத்து மாசு இடங்களில் ராணிப்பேட்டையும் ஒன்று. மூடிய ஆலை என்றால் ஆபத்தும் மூடிவிட்டது என்று நினைப்பவர்கள் இந்த ஒரு ஊரைப் பார்த்தால் போதும்.

குரோமியம் இரண்டு முகம் கொண்டது. மூன்று இணைதிறன் கொண்டது பெரும்பாலும் மண்ணோடு ஒட்டிக்கொள்ளும். ஆறு இணைதிறன் கொண்டது தண்ணீரில் கரைந்து ஓடும். தோலில் புண் வைக்கும். அதன் தூசியைச் சுவாசிப்பவருக்கு நுரையீரல் புற்றுநோய் வரலாம். குடிநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்பது இந்தியத் தரம். அமெரிக்காவின் நியூஜெர்சியில் குரோமியக் கழிவைப் பள்ளம் மேடாக்க அடித்துவிட்டு அதன்மேல் கட்டடம் எழுப்பினார்கள். பிறகு சுவரிலும் தரையிலும் மஞ்சளும் பச்சையுமாக உப்புப் பூத்தது. நம் குடோன் தரையில் அப்படிப் பூத்தால் அதன்மேல் அடுக்கிய சரக்கின் கதி என்ன? ஆகவே எந்த மனையானாலும், மேடாக்க வரும் லாரி மண் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். மண் சும்மா கிடைக்கிறது என்றால் இரண்டு முறை கேளுங்கள்.

இப்படிக் கெட்ட நிலத்தை மீட்கவே முடியாதா? முடியும், ஆனால் காலமும் பணமும் பிடிக்கும். முதலில் அந்த இடத்தில் யார், எந்த ஆண்டு, என்ன செய்தார்கள் என்ற வரலாறு. அடுத்து வெவ்வேறு ஆழத்தில் மண், சுற்றுக் கிணறுகளில் நீர், நிலத்தடி நீர் ஓடும் திசை. அதற்குப் பிறகே வைத்தியம்: தோண்டி எடுத்துப் பாதுகாப்பான குழியில் புதைப்பது, மழைநீர் இறங்காமல் மூடுவது, இரும்புச் சல்பேட் போன்றவற்றால் குரோமியத்தைக் கரையாத வடிவுக்கு மாற்றுவது, கெட்ட நீரை இறைத்துச் சுத்திகரிப்பது.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ அருகே 1967-ல் மூடிய ஒரு குரோமிய ஆலையின் கழிவு ஊரெங்கும் புதைந்து கிடந்தது. வேலையின்றித் தேய்ந்த அந்தப் பகுதியைச் சீர்செய்ய 2007 வாக்கில் கிளைடு கேட்வே என்ற அமைப்பு உருவானது. நிலத்தைச் சுத்தம் செய்து அலுவலகங்களும் தொழிற்கூடங்களும் கொண்டுவந்தார்கள். அப்படியிருந்தும் 2021-ல் அங்குள்ள ஓர் ஓடை பச்சையாக ஓடியது. பணக்கார நாட்டிலேயே அரை நூற்றாண்டில் தீராத வேலை இது.

நம் பக்கத்தில் கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலை 2001-ல் மூடப்பட்டது. மண்ணில் ஒரு கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம் பாதரசம் இருக்கலாம் என்பதே பல ஆண்டு வாதமானது. நிர்வாகம் 20 போதும் என்றது. அது தளர்ந்த அளவு என்றனர் எதிர்த்தவர்கள். எவ்வளவு சுத்தம் என்பதைச் செலவு செய்பவரே தீர்மானிக்கும் நிலை எந்த ஊருக்கும் நல்லதல்ல என்பது நமது கருத்து.

சட்டம் இப்போது சற்று முன்னேறியிருக்கிறது. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் வேலூர் தோல் மாசு வழக்கில் நஷ்டஈட்டை வழங்கி, மாசு செய்தவரிடம் வசூலிக்க உத்தரவிட்டது. ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழுவும் அமைக்கச் சொன்னது. அதே ஆண்டு ஜூலையில் மாசுபட்ட இடங்களுக்கென்றே மத்திய அரசு விதிகள் வெளியிட்டது. சந்தேகத்துக்குரிய இடங்களை மாவட்ட நிர்வாகம் தெரிவிக்க வேண்டும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆராய வேண்டும், காரணமானவர் செலவை ஏற்க வேண்டும் என்பது சாரம்.

மனை பார்ப்பவர்கள் வில்லங்கச் சான்றை முடிந்தவரை பின்னோக்கி எடுங்கள். பழைய குத்தகையும், இயந்திரத்துக்கு வாங்கிய பாங்குக் கடன் அடமானமும் அதில் தெரியலாம். சர்வே எண்ணைக் குறித்துக்கொண்டு வாணியம்பாடியில் உள்ள மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்தில் எழுத்து மூலம் கேளுங்கள். பதில் இல்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. குடிநீர் வடிகால் வாரிய ஆய்வுக்கூடத்தில் கட்டணம் செலுத்தி ஆழ்துளைக் கிணற்று நீரைச் சோதிக்கலாம். குரோமியம் பார்க்க வேண்டும் என்று தனியாகச் சொல்லுங்கள், வழக்கமான சோதனையில் அது விட்டுப்போகக் கூடும். அந்த இடத்தில் முன்பு வேலை பார்த்த பெரியவர் ஒருவரை அழைத்துப் போய், கழிவுக் குழி எந்த மூலையில் இருந்தது என்று காட்டச் சொல்லுங்கள். அட்வான்ஸ் அதற்குப் பிறகு.