பனிமலையில் பட்டாள லாரி

மார்கழி மாதத்து விடியற்காலை. திருவள்ளூர் ஜில்லாவின் வடகோடியில், கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்கு வெளியே, கல்கத்தா செல்லும் பெருஞ்சாலையின் ஓரத்தில் லாரிகள் வரிசையாக நிற்கின்றன. இரவு முழுவதும் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு உள்ளே தூங்கிய டிரைவர் ஒருவர் எழுந்து பார்க்கிறார். முன் கண்ணாடி வெள்ளை வெளேரென்று மங்கிக் கிடக்கிறது. தோளில் கிடந்த துண்டை எடுத்து ஒரு துடை துடைக்கிறார். எதிரே டீக்கடை தெரிகிறது. "அப்பப்பா, என்ன குளிர்!" என்று சொல்லிக் கொண்டே இறங்கிப் போகிறார். அந்த 'குளிர்' ஏறக்குறைய 20 டிகிரி!

இதே காட்சியை இமயமலைக்குக் கொண்டு போய்ப் பார்ப்போம். காஷ்மீரத்திலிருந்து லடாக்குக்குப் போகும் பாதையில் ஸோஜி லா என்று ஒரு கணவாய் இருக்கிறது. அதன் உயரம் 3,528 மீட்டர். அதாவது 11,500 அடிக்கு மேல். அங்கே பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரிக் குளிரில் ஒரு பழைய பட்டாள லாரி நிற்கிறது. கண்ணாடியின் வெளிப்புறத்தில் உறைபனி. உட்புறத்தில், டிரைவரின் சொந்த மூச்சே பனிக்கட்டியாகப் படிந்திருக்கிறது. துண்டு அங்கே பயன்படாது. நகத்தால் சுரண்டி, வாயால் ஊதி, கைக்குட்டை அகலத்துக்கு ஒரு துவாரம் செய்து கொள்கிறார். அதுவும் அடுத்த நிமிஷம் மூடிக் கொள்கிறது. ஒரு பக்கம் மலைச் சுவர். மறு பக்கம் அதலபாதாளம். பின்னால் இருபது சிப்பாய்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். அத்தனை பேருடைய உயிரும் அந்தக் கைக்குட்டை அகலத்துக்குள் அடங்கிவிடுகிறது!

ஒரே வருஷத்தில் இரண்டு சம்பவங்கள்

1948-ம் வருஷம் நம் நாட்டுக்குச் சுதந்திரம் வந்து ஓராண்டே ஆகியிருந்தது. அந்த வருஷம் செப்டம்பர் 7-ந் தேதி, ரகுநந்தன் சரண் என்னும் தேசபக்தர் அசோக் மோட்டார்ஸ் என்ற கம்பெனியைத் தொடங்கினார். சுதேசித் தொழில் வளர வேண்டும் என்று நேருஜி தூண்டியதன் பேரில் அவர் ஆரம்பித்தது அது. தம் புதல்வரின் பெயரையே அதற்கு வைத்தார். அதன் தொழிற்சாலை சென்னைக்கு வடக்கே எண்ணூரில் அமைந்தது. அதுவே 1955-ல் அசோக் லேலண்ட் ஆயிற்று.

அந்தக் கம்பெனி பிறந்து இரண்டு மாதம்கூட நிறையவில்லை. நவம்பர் 1-ந் தேதி, ஜெனரல் திம்மையாவின் தலைமையில் நம் படையினர் ஸோஜி லாவின் மீது டாங்கிகளை ஏற்றி எதிரிகளைத் திகைக்க வைத்தார்கள். அத்தனை உயரத்துக்கு டாங்கி வரும் என்று யாரும் கனவிலும் எண்ணவில்லை. கோவேறு கழுதைகள் போகும் தடத்தை டாங்கிகள் போகும் பாதையாக வெட்டிக் கொடுத்தவர்கள் யார் தெரியுமா? தென்னாட்டு வீரர்கள் நிறைந்த மதராஸ் சாப்பர்கள்தான்! பனியையே கண்டிராத ஊர்களில் பிறந்தவர்கள், பனிமலையில் பாதை போட்டார்கள்.

அன்று முதல் இன்று வரை இந்தக் கதை தொடர்ந்து நடந்து வருகிறது. 1959-ல் ஜபல்பூரில் 'சக்திமான்' லாரி உற்பத்தியாகத் தொடங்கியது. அதற்குப் பின் வந்த 'ஸ்டாலியன்' லாரி நம் எண்ணூர்க் கம்பெனியின் அமைப்பு. 2020-ல் அடல் சுரங்கப் பாதையும், 2024-ல் சேலா சுரங்கப் பாதையும் திறக்கப்பட்டு, மலைப் பிரயாணத்தின் கஷ்டத்தைப் பெரிதும் குறைத்திருக்கின்றன. ஆயினும் சுரங்கத்தை விட்டு வெளியே வந்தால் அதே பனிதான், அதே கண்ணாடிதான்.

காற்றின் தாகம்

கண்ணாடி ஏன் மங்குகிறது? காற்று நீராவியைக் குடிக்கும் தன்மையுடையது. வெப்பமான காற்று அதிகமாகக் குடிக்கும். குளிர்ந்த காற்று குறைவாகக் குடிக்கும். 20 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 17 கிராம் நீராவியைத் தாங்கும். பூஜ்ய டிகிரியில் 5 கிராம்கூடத் தாங்காது. பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரி என்றால் ஒரு கிராம்தான். நம்முடைய மூச்சுக் காற்றோ உஷ்ணமாகவும் ஈரமாகவும் இருக்கிறது. அது குளிர்ந்த கண்ணாடியில் பட்டதும், தாங்க முடியாத ஈரத்தைக் கக்கிவிடுகிறது. கும்மிடிப்பூண்டியில் அது நீராக நிற்கிறது; ஸோஜி லாவில் பனிக்கட்டியாகிறது.

இதிலிருந்து ஒரு விசித்திரமான உண்மை வெளிப்படுகிறது. குளிரில் நடுங்கும் மனிதன் எல்லாத் துவாரங்களையும் அடைத்துக் கொள்ளத்தான் விரும்புவான். ஆனால் அடைக்க அடைக்க, உள்ளே ஈரம் கூடிக் கண்ணாடி மேலும் மங்கும். வெளியே இருக்கும் குளிர்காற்றில் ஈரமே கிடையாது. அதை உள்ளே இழுத்துச் சூடாக்கிக் கண்ணாடியின் மேல் வீசினால், பாலைவனத்துக் காற்றைப் போல் தாகத்துடன் வந்து ஈரத்தையெல்லாம் குடித்துவிடும். ஆகவே, அநுபவம் மிக்க டிரைவர்கள் பக்கக் கண்ணாடியை ஓர் அங்குலம் இறக்கியே வைப்பார்கள். பூட்ஸில் ஒட்டிய பனியைத் தட்டிவிட்ட பிறகே வண்டியில் ஏறுவார்கள். அந்தப் பனி உள்ளே உருகினால், அதுவும் கண்ணாடிக்குத்தான் போய்ச் சேரும்!

வீணாகும் நெருப்பு

சரி, காற்றைச் சூடாக்க நெருப்பு எங்கே? வண்டிக்குள்ளேயே இருக்கிறது. எஞ்சினில் எரியும் டீஸலின் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுழற்றப் பயன்படுகிறது. மற்றொரு பங்கு புகையோடு போகிறது. இன்னொரு பங்கு எஞ்சினைச் சுற்றி ஓடும் நீரைச் சூடாக்கி, ரேடியேட்டர் வழியே வீணாகிறது. அந்த வெந்நீரில் கொஞ்சத்தைக் குழாய் வழியாகக் கேபினுக்குள் கொண்டு வந்து, ஒரு சிறு ரேடியேட்டரில் ஓடவிட்டு, விசிறியால் காற்றை ஊதினால் அதுவே ஹீட்டர். செலவில்லாத அடுப்பு!

பழைய லாரியில் இது சரியாக வேலை செய்யாவிட்டால், டிரைவர்கள் ஹீட்டரைத்தான் திட்டுவார்கள். குற்றம் பெரும்பாலும் வேறிடத்தில் இருக்கும். எஞ்சின் நீரை அடைத்து வைத்து, சுமார் 80 டிகிரிச் சூடேறிய பின்பே ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வு ஒன்று உண்டு, தெர்மோஸ்டாட் என்பார்கள். அது திறந்தபடியே சிக்கிக் கொண்டால், எஞ்சின் சூடேறவே ஏறாது. ஸ்டார்ட் செய்த சில நிமிஷங்களிலேயே ரேடியேட்டரின் மேல் குழாய் வெதுவெதுப்பானால் இதுதான் காரணம். அடுத்தபடி, ஹீட்டருக்குப் போகும் குழாய், வரும் குழாய் இரண்டையும் தொட்டுப் பார்க்க வேண்டும். ஒன்று சூடாகவும் மற்றொன்று ஜில்லென்றும் இருந்தால், உள்ளே அடைப்போ காற்றுக் குமிழோ இருக்கிறது. அதன் பிறகு விசிறி. கண்ணாடிக்குக் காற்றைக் கொண்டு போகும் குழல். கடைசியில் கதவு ரப்பரும் தரையிலுள்ள ஓட்டைகளும்.

ரேடியேட்டரில் வெறும் நீர் இருக்கக் கூடாது. நீர் உறையும்போது சுமார் 9 சதவிகிதம் பெருத்து, இரும்பு பிளாக்கையே பிளந்துவிடும். கிளைகால் என்ற திரவத்தைச் சரிபாதி கலந்தால், பூஜ்யத்துக்குக் கீழே ஏறக்குறைய 37 டிகிரி வரை உறையாது. 'பாதிக்கே இவ்வளவு பலன் என்றால், முழுக்க ஊற்றினால் என்ன?' என்று கேட்கத் தோன்றும். அது தவறு. தனிக் கிளைகால் பூஜ்யத்துக்குக் கீழே 13 டிகிரியிலேயே உறைந்துவிடும்! டீஸலும் குளிரில் மெழுகாகத் திரளும். பூஜ்யத்துக்குக் கீழே 33 டிகிரியிலும் ஓடக்கூடிய குளிர்கால டீஸலை இந்தியன் ஆயில் 2019-ல் லடாக்குக்காக அறிமுகப்படுத்தியது.

மணமில்லாத யமன்

இவையெல்லாம் கைகொடுக்காத இடத்தில்தான் பெரிய அபாயம் காத்திருக்கிறது. குளிர் தாங்காமல் மூடிய கேபினுக்குள் கரியடுப்போ மண்ணெண்ணெய் ஸ்டவ்வோ பற்ற வைப்பதும், பனியில் புகைக்குழல் புதைந்திருக்க எஞ்சினை ஓடவிட்டுத் தூங்குவதும் உயிரோடு விளையாடுவதாகும். அந்தப் புகையிலுள்ள கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமில்லை, மணமில்லை. லேசான தலைவலி, பிறகு சுகமான தூக்கம், அதன் பிறகு விழிப்பே இல்லை. அதேபோல், உறைந்த கண்ணாடியில் கொதிக்கும் நீரை ஊற்றுவதும் கூடாது. கண்ணாடி விரிசல் கண்டுவிடும். மாலையிலேயே கண்ணாடிக்கு மேல் ஒரு கோணியைப் போர்த்தி வைத்தால், காலையில் பாதி வேலை மிச்சம்.

எல்லையில் காவல் புரியும் வீரனைப் பற்றி நாம் மேடைகளில் உணர்ச்சியுடன் பேசுகிறோம். அவனுக்கு அரிசியும் பருப்பும் கடிதமும் கொண்டு போகும் லாரி டிரைவரை யார் நினைக்கிறார்கள்? அவருக்கு வேண்டியது பெரிய வீரப் பிரசங்கம் அல்ல. ஒழுகாத ஒரு ரப்பர் குழாய், சிக்காத ஒரு வால்வு, ஓடுகிற ஒரு விசிறி. இவற்றைச் செய்பவர்கள் எண்ணூர், கும்மிடிப்பூண்டி போன்ற ஊர்களில் வியர்வை சிந்தும் தொழிலாளர்கள். அவர்களில் எத்தனையோ பேர் வாழ்நாளில் பனியைப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் ஒரு குழாயின் கவ்வியை இன்னும் அரைச் சுற்று இறுக்கிவிடும் அந்தக் கை, ஆயிரம் மைலுக்கு அப்பால், ஒரு கண்ணாடியில் கைக்குட்டை அகலத்தைப் பலகணி அகலமாக்கிவிடுகிறது.