இட்லி இறங்குகிறது, தண்ணீர் ஏன் புரையேறுகிறது?

பக்கவாதத்திலிருந்து மீண்டுவரும் தந்தையைக் கவனித்துக்கொள்ளும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "அப்பா இட்லியை மெதுவாகச் சாப்பிட்டுவிடுகிறார். ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தால்தான் புரையேறி மூச்சுத் திணறுகிறது. கெட்டியான பொருள்தானே கஷ்டமாக இருக்க வேண்டும்?"

பக்கவாதம் வந்த புதிதில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு விழுங்குவதில் சிக்கல் இருக்கிறது. வாய் கோணுவதும் பேச்சு குழறுவதும் பார்ப்பவர் கண்ணில் படும். விழுங்கல் சிக்கலோ தொண்டைக்குள் நடப்பதால் பல வீடுகளில் தாமதமாகவே தெரியவருகிறது. தசை பலமிழந்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். அதுவும் உண்டு, ஆனால் தண்ணீர் விஷயத்தில் பெரும்பாலும் தவறுவது நேரம்.

குரல்வளை மேட்டில் விரல் வைத்துக்கொண்டு எச்சிலை விழுங்கிப் பாருங்கள். மேடு சட்டென்று ஏறி இறங்கும். ஏறக்குறைய ஒரு நொடிதான். அதற்குள் மூச்சு நிற்கிறது, குரல் நாண்கள் ஒட்டிக்கொள்கின்றன. நாக்குக்கு அடியில் உள்ள லாட வடிவ எலும்பு மேலும் முன்னுமாக நகர்ந்து, குரல்வளையைக் கூடவே இழுத்து நாக்கின் வேருக்கடியில் ஒதுக்குகிறது. குரல்வளை மூடி சாய்ந்து கவிகிறது. இதற்குப் பிறகு நடப்பதுதான் என்னை வியக்கவைப்பது. உணவுக்குழாயின் வாயில் எப்போதும் இறுகியே இருக்கும் தசை வளையம் ஒன்று உண்டு. அது தளர்ந்தால் மட்டும் போதாது, யாராவது பிரித்துவிட வேண்டும். குரல்வளை முன்னால் இழுபடும் அந்த இழுப்பே அதைப் பிரிக்கிறது. மூச்சுப் பாதையை மூடும் அசைவுதான் உணவுப் பாதையையும் திறக்கிறது! விழுங்கி முடித்ததும் பெரும்பாலும் நாம் மூச்சை வெளியேதான் விடுகிறோம். ஒட்டிக்கொண்ட துணுக்கு இருந்தால் ஊதித் தள்ள அதுவே வசதி.

தொண்டை ஒரு ரயில்வே கேட். சாலையில் ஓடுவது மூச்சு, தண்டவாளத்தில் வருவது உணவு. இட்லி சரக்கு ரயில்: மென்று, நாக்கு உருட்டி, முந்தைய ஸ்டேஷனில் நிறுத்திவைத்து, கேட் கீப்பருக்குத் தகவல் போன பிறகே கிளம்பும். தண்ணீர் எங்கும் நிற்காத எக்ஸ்பிரஸ். நாக்கின் பின்பக்கம் வழிந்து வந்தே விடும். கேட் உடையவில்லை, கேட் கீப்பருக்கு மணிதான் தாமதமாக அடிக்கிறது. சரக்கு ரயில் அதைப் பொறுக்கும், எக்ஸ்பிரஸ் பொறுக்காது. மோதியபின் ஊதும் அபாயச் சங்குதான் இருமல்.

சிலருக்குச் சங்கும் ஊதுவதில்லை. புரையேறினால் யாரோ நினைக்கிறார்கள் என்று உச்சந்தலையில் தட்டுவோம். தொண்டையின் உணர்வு மரத்துப்போனவருக்கு நீர் நுரையீரலுக்குள் இறங்கினாலும் இருமல் வராது. அவர்தான் அதிக ஆபத்தில் இருப்பவர். மூளைத்தண்டின் கீழ்ப்பகுதியான முகுளத்தின் பக்கவாட்டில் ரத்த ஓட்டம் தடைப்பட்டவர்களுக்கோ அந்தத் தசை வளையமே சரியாகத் திறக்காமல் போகலாம்; அவர்களுக்கு இட்லியும் இறங்காது. ஆகவே மேலே சொன்ன விளக்கத்தை எல்லா நோயாளிக்கும் பொருத்திவிடக் கூடாது.

வரலாறு கொஞ்சம். விழுங்குதலை மூன்று கட்டங்களாகப் பிரித்தவர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த பிரெஞ்சு உடலியலாளர் மஜாந்தி. தசைகள் இயங்கும் வரிசையை மின்பதிவுகளால் டோட்டியும் பாஸ்மாவும் 1956இல் காட்டினார்கள். பேரியம் கலந்த உணவை எக்ஸ்ரே வீடியோவில் பார்த்துச் சிகிச்சை வகுக்கும் முறையைப் பரப்பியவர் அமெரிக்காவின் ஜெரி லோகமன்.

1990களில் மான்செஸ்டரில் ஷாஹின் ஹம்தி குழுவினர் கண்டது நம்பிக்கை தருவது. விழுங்குதலைப் பெருமூளையின் இரு பாதிகளும் கவனிக்கின்றன. ஆனால் பலருக்கு ஒரு பாதியின் பங்கு பெரிது. வலக்கைப் பழக்கத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. பெரிய பங்கு வகித்த பாதி அடிபட்டால் விழுங்கல் கெடுகிறது. நாளடைவில் மீண்டவர்களிடம் அடிபடாத பாதியின் பங்கு வளர்ந்திருந்தது.

இதைப் பிடித்துக்கொண்டு தொண்டைக்கு மின்தூண்டல் கொடுக்கும் கருவிகள் வந்தன. அவற்றுள் ஒன்றைப் பக்கவாத நோயாளிகளிடம் சோதித்து 2016இல் வெளியான ஆய்வில், போலிச் சிகிச்சையைவிடக் கூடுதல் பலன் தெரியவில்லை. தண்ணீரில் கலந்து அதைக் கெட்டியாக்கும் பொடிக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். பார்க்கின்சன், மறதி நோயாளிகள் 515 பேரிடம் நடந்து 2008இல் வெளியான அமெரிக்க ஆய்வில், தாடையைத் தாழ்த்திச் சாதாரண நீர் குடித்தவர்களுக்கும் கெட்டியான நீர் குடித்தவர்களுக்கும் நிமோனியாவில் பெரிய வித்தியாசம் இல்லை. நீரிழப்பு கெட்டி நீர் குடித்தவர்களிடம் அதிகம். பொடி சிலருக்கு உதவும்தான். ஆனால் யாருக்கு, எவ்வளவு கெட்டியாக என்பதைப் பரிசோதித்த ஸ்பீச் தெரபிஸ்ட் சொல்ல வேண்டும், டப்பாவின் மேல் அச்சிட்ட வாசகம் அல்ல.

விளம்பரமே இல்லாத ஒரு கண்டுபிடிப்பை வாசகருக்குச் சொல்கிறேன். சூசன் லாங்மோர் குழுவினர் முதியவர்களிடம் நடத்தி 1998இல் வெளியிட்ட ஆய்வில், நிமோனியாவை முன்கூட்டிச் சுட்டிய காரணிகளில் பிறர் ஊட்டிவிடும் நிலை, பிறர் பல் துலக்கிவிடும் நிலை, சொத்தைப் பற்களின் எண்ணிக்கை ஆகியவை இருந்தன. விழுங்கல் குறைபாடு தனியாக நிமோனியாவைக் கொண்டுவந்துவிடவில்லை. நுரையீரலுக்குள் போகும் எச்சிலில் கிருமி எவ்வளவு என்பதும் முக்கியம். அப்பாவை நிமிர்த்தி உட்காரவைத்து, சிறு சிறு மடக்காகக் கொடுங்கள். விழுங்கல் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்யுங்கள். காலையிலும் சாப்பாட்டுக்குப் பிறகும் அவர் வாயைச் சுத்தம் செய்துவிடுங்கள்.