வகுப்பறைக்குள் வந்தவை – 9: பென்டிரைவில் பயணித்த பாடங்கள்

ஒரு வட்டம் வரைந்து அதில் ஒரு விட்டம் போடுங்கள். விட்டத்தின் இரு முனைகளையும் வட்டத்தின் மேலுள்ள ஏதேனும் ஒரு புள்ளியோடு சேர்த்தால், அந்தப் புள்ளியில் செங்கோணம் அமையும். கரும்பலகையில் இதை நடத்தும் ஆசிரியர் இரண்டு முக்கோணம் வரைவார், நேரமிருந்தால் மூன்று. பிறகு நிரூபணம். பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். வட்டத்தில் எண்ணற்ற புள்ளிகள் இருக்க, மூன்றே மூன்றைப் பார்த்துவிட்டு எல்லாவற்றுக்கும் இது பொருந்தும் என்று அவர்கள் நம்ப வேண்டும்.

ஜியோஜீப்ரா என்ற மென்பொருளில் அந்தப் புள்ளியை மவுஸால் பிடித்து இழுக்கலாம். வட்டத்தைச் சுற்றி எங்கே கொண்டுபோனாலும் பக்கத்தில் தெரியும் எண் 90 டிகிரியிலிருந்து அசைவதில்லை. வட்டத்தோடு கட்டாத இன்னொரு புள்ளியை எடுத்துக் கொஞ்சம் உள்ளே தள்ளினால் 95, 110, 130 என்று கோணம் விரிகிறது. வட்டத்துக்கு வெளியே இழுத்தால் 80, 65 என்று சுருங்குகிறது. உள்ளே விரிகோணம், வெளியே குறுங்கோணம், இரண்டுக்கும் நடுவே வட்டக்கோட்டின் மேல் மட்டும் செங்கோணம். “அது ஏன் சார் அங்கே மட்டும்?” என்று ஒரு பிள்ளை கேட்டுவிட்டால் போதும், நிரூபணத்துக்கு அப்போதுதான் வேலை வருகிறது. கேட்காத கேள்விக்குப் பதில் எழுதிப்போடுவதற்கும் இதற்கும் நிறைய தூரம் உண்டு.

கேரளத்தின் பத்தாம் வகுப்புக் கணிதப் புத்தகம் வட்டங்கள் பற்றிய பாடத்தை இப்படித்தான் அணுகியது: உள்ளே, மேலே, வெளியே. புத்தகம் கேட்பதையே கணினியும் செய்துகாட்டுகிறது. அங்கே பாடநூல் எழுதும் பட்டறைகளில் உட்காருபவர்கள் பெரும்பாலும் பள்ளி ஆசிரியர்கள். மென்பொருள் பயிற்சி கொடுப்பவர்களும் பள்ளி ஆசிரியர்களே. அதனால் புத்தகமும் கணினியும் ஒன்றையொன்று அறியாமல் தனித்தனியே வந்து சேரவில்லை.

சென்ற வாரம் ரிஷிவேலி பள்ளியின் கற்றல் அட்டைகளையும், அவை சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் வழியாகச் செயல்வழிக் கற்றலாகத் தமிழகம் முழுக்கப் பரவியதையும் பார்த்தோம். இந்த வாரம் பக்கத்து மாநிலத்துக்குப் போகலாம்.

கேரளத்தில் ‘ஐடி அட் ஸ்கூல்’ திட்டம் 2001இல் தொடங்கியது. இஸ்ரோவின் முன்னாள் தலைவர் யு.ஆர்.ராவ் தலைமையிலான குழுவின் பரிந்துரை அதற்கு அடிப்படை. சில ஆண்டுகளில் எட்டு, ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்குத் தகவல் தொழில்நுட்பம் கட்டாயப் பாடமானது. முதலில் நுழைந்தது விலைகொடுத்து வாங்கும் மென்பொருள்தான். ஒரே நிறுவனத்தின் பொருளைப் பாடமாக வைப்பதா என்று கட்டற்ற மென்பொருள் இயக்கத்தினர் கேட்டார்கள், ஆசிரியர் சங்கத்திலிருந்தும் அதே குரல் எழுந்தது. அரசு செவிசாய்த்தது. அடுத்த சில ஆண்டுகளில் பள்ளிகள் கட்டற்ற மென்பொருளான லினக்ஸுக்கு மாறின. பத்தாம் வகுப்புச் செய்முறைத் தேர்வும் அதிலேயே நடக்கத் தொடங்கியது.

இந்த மாற்றத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் உரிமக் கட்டணத்தில் மிச்சமான கோடிகளைத்தான் முதலில் சொல்வார்கள். மிச்சம் நல்லதுதான். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது வேறொன்று. ஆசிரியர் தன் பள்ளியில் ஓடும் அதே மென்பொருளைக் குறுந்தகட்டில் பதிந்து வீட்டுக்குக் கொண்டுபோகலாம், பக்கத்துப் பள்ளிக்குக் கொடுக்கலாம், மாணவருக்கும் கொடுக்கலாம். யாருடைய அனுமதியும் வேண்டாம். கணித ஆசிரியர் ஒருவர் வட்டத்துக்காகச் செய்துவைத்த ஜியோஜீப்ரா கோப்பு, அடுத்த பயிற்சி முகாமில் இருபது பென்டிரைவ்களில் ஏறி இருபது பள்ளிகளுக்குப் போய்விடும். போன இடத்தில் ஒருவர் அதில் வண்ணம் சேர்ப்பார். இன்னொருவர் புள்ளியை வெளியே இழுத்தால் என்ன ஆகும் என்பதையும் சேர்ப்பார். ஜியோஜீப்ராவே அப்படிப்பட்ட பிறப்புதான். ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்கஸ் ஹோஹன்வார்ட்டர் 2001இல் தன் முதுகலைப் பட்டத்துக்காகத் தொடங்கிய வேலை அது. உலகெங்கும் ஆசிரியர்கள் தங்கள் மொழிக்கு அதைப் பெயர்த்தார்கள், தாங்கள் செய்த பாடங்களைப் பொதுவில் வைத்தார்கள்.

வானத்தைக் காட்ட ஸ்டெல்லேரியம், தனிம அட்டவணைக்குக் கால்சியம் என்ற பெயரிலேயே ஒரு மென்பொருள், ஒலிப்பதிவுக்கு ஆடாசிட்டி என்று பள்ளிகளுக்கான லினக்ஸ் தொகுப்பில் நிறைய சேர்ந்தன. பட்டியல் அவ்வளவு முக்கியமில்லை. யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்பதே முக்கியம்.

நிறுவனத்திலிருந்து டை கட்டிய இளைஞர் வந்து இரண்டு நாள் விளக்கிவிட்டுப் போகும் பயிற்சிகளை நம் ஆசிரியர்கள் பலரும் பார்த்திருப்பார்கள். கேரளத்தில் அந்த இடத்தில் ‘மாஸ்டர் ட்ரெய்னர்’ நின்றார். நேற்றுவரை ஏதோ ஒரு அரசுப் பள்ளியில் இயற்பியலோ மலையாளமோ நடத்திக்கொண்டிருந்தவர் அவர். வகுப்புப் பொறுப்பிலிருந்து விடுவித்து இந்த வேலைக்கு எடுத்திருப்பார்கள். ஐம்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் மின்சாரம் போனால் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியும். பயிற்சிக்கு வந்த ஆசிரியை மவுஸைத் தொடவே தயங்கினால் அது ஏன் என்பதும் தெரியும். பள்ளிக்குள்ளேயும் ஐடி ஒருங்கிணைப்பாளர் என்று ஓர் ஆசிரியர் உண்டு. கணினி நின்றுபோனால் மற்றவர்கள் தேடுவது அவரைத்தான், தலைமை அலுவலகத்துக்கு யாரும் கடிதம் எழுதிக்கொண்டு காத்திருப்பதில்லை.

2017இல் இந்தத் திட்டம் ‘கைட்’ என்ற அரசு நிறுவனமாக மாறியது. எட்டு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான 45,000 வகுப்பறைகளுக்கு மடிக்கணினி, புரொஜெக்டர், இணையம் கொடுக்கும் வேலை 2018இல் தொடங்கியது. அதே ஆண்டு மாணவர்களுக்கென்று ‘லிட்டில் கைட்ஸ்’ மன்றங்கள் வந்தன. அனிமேஷன், மலையாளத் தட்டச்சு, மின்னணுவியல், நிரலாக்கம் கற்கும் இந்தப் பிள்ளைகள் தங்கள் பள்ளியின் கருவிகளைப் பராமரிக்கவும் கைகொடுக்கிறார்கள். உறுப்பினர் எண்ணிக்கை லட்சத்தைத் தாண்டியது. புரொஜெக்டர் கம்பி கழன்றால் எழுந்துபோய் மாட்டத் தெரிந்த ஒன்பதாம் வகுப்பு மாணவி அந்த வகுப்பறையில் வெறும் பார்வையாளர் இல்லை. இந்த ஏற்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

இத்தனை ஆண்டுப் பழக்கம் எதற்கு உதவும் என்பது 2020 ஜூன் 1 அன்று தெரிந்தது. கொரோனாவால் பள்ளிகள் மூடிக்கிடக்க, கேரள அரசின் கல்வி அலைவரிசையான விக்டர்ஸ் தொலைக்காட்சியில் ‘ஃபர்ஸ்ட் பெல்’ வகுப்புகள் தொடங்கின. விக்டர்ஸை 2005 ஜூலையில் அப்துல் கலாம் தொடங்கிவைத்திருந்தார். அதற்கு முந்தைய செப்டம்பரில் இஸ்ரோ விண்ணுக்கு அனுப்பிய எஜுசாட் என்ற கல்விச் செயற்கைக்கோள் அதன் துணை. ஆக, நெருக்கடி வந்தபோது அலைவரிசையும் இருந்தது, கேமரா முன் நின்று பாடம் நடத்தத் தெரிந்த ஆசிரியர்களும் இருந்தார்கள். தங்குப் பூச்சை என்ற பூனையின் கதையைக் குரலும் கையும் முகமுமாகச் சொன்ன ஒன்றாம் வகுப்பு ஆசிரியையைக் குழந்தைகள் அன்றே சொந்தமாக்கிக்கொண்டார்கள். பெரியவர்கள் சிலர் சமூக ஊடகத்தில் அவரைக் கேலி செய்தார்கள். சிறுபிள்ளைக்குப் பாடம் நடத்துவது எவ்வளவு பெரிய கலை என்பதை அறியாதவர்களின் கேலி அது. மாநிலம் ஆசிரியை பக்கம் நின்றது. தமிழ், கன்னட வழியில் படிக்கும் பிள்ளைகளுக்கும் அவரவர் மொழியில் பாடங்கள் தயாராயின. கேரளத்தின் தமிழ்வழிப் பள்ளிகளில் படிக்கும் நம் பிள்ளைகளும் அவர்களில் அடக்கம்.

ஆனால் சுமார் 2.6 லட்சம் மாணவர்களின் வீட்டில் தொலைக்காட்சியோ இணைய வசதியோ இல்லை என்று கணக்கெடுப்பு சொன்னது. எத்தனை நல்ல பாடம் தயாரித்தாலும், பார்க்கக் கருவியில்லாத பிள்ளைக்கு அது போய்ச்சேராது. நூலகங்களிலும் அங்கன்வாடிகளிலும் சமூகக் கூடங்களிலும் தொலைக்காட்சி வைத்துப் பொதுக் கற்றல் மையங்கள் திறந்தார்கள். ஊருக்கு ஊர் கிரந்தசாலை என்ற நூலகம் இருக்கும் மாநிலம் என்பதால் அது முடிந்தது. முதல் நாளே அந்தப் பிள்ளைகளைக் கணக்கில் எடுத்திருக்க வேண்டும் என்பதும் உண்மை.

இன்னொரு குறையையும் சொல்ல வேண்டும். திரை வந்த எல்லா வகுப்பிலும் கற்றல் வந்துவிடாது. ஆயத்தக் காணொளியை நாற்பது நிமிடம் ஓடவிட்டு ஓரமாக நிற்கும் வகுப்பைவிடச் சாக்பீஸ் பிடித்த நல்ல ஆசிரியர் எவ்வளவோ மேல். வட்டத்துக் கோணத்தைக் காட்டும் காணொளியில் புள்ளி தானாக நகரும். குழந்தை இழுக்க முடியாது. அங்கேயே பாதி போய்விட்டது.

2024 கோடையில் சுமார் 80,000 ஆசிரியர்களுக்குச் செயற்கை நுண்ணறிவுப் பயிற்சியை ‘கைட்’ தொடங்கியது. பாடம் தயாரிக்க அந்தக் கருவிகளை எப்படிப் பயன்படுத்துவது என்பதோடு, போலிக் காணொளிகளை அடையாளம் காண்பது, மாணவர் தகவல்களைக் காப்பது ஆகியவையும் அதில் இருந்தன. அதே கல்வியாண்டில் ஏழாம் வகுப்புப் புத்தகத்தில் முகபாவனையை இனங்காணும் நிரலைப் பிள்ளைகளே செய்துபார்க்கும் பாடம் சேர்ந்தது. புதியது எதுவானாலும் முதலில் ஆசிரியர் கையில் கொடுத்துப் பழக்குவது என்ற பழைய வரிசை மாறவில்லை.

இங்கே, தமிழ்நாட்டில், ஆர்வத்துக்குக் குறைவே இல்லை. 2018இல் நம் பாடநூல்களில் க்யூஆர் கோடு வந்தபோது அதன் பின்னாலிருந்த காணொளிகளை உருவாக்கியதில் ஆசிரியர்கள் முன்னின்றார்கள். 2019இல் கல்வித் தொலைக்காட்சி வந்தது. அரசுப் பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள் இருக்கின்றன. இரவு பதினோரு மணிக்கும் வாட்ஸப் குழுக்களில் பயிற்சித்தாள்களும் துணைக்கருவிப் படங்களும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. யாரும் ஊதியம் தராத உழைப்பு அது. பகலில் அதே ஆசிரியரைச் சந்தித்தால் எமிஸ் என்ற கல்வித் தகவல் தளத்தில் பதிவேற்றுவதைப் பற்றித்தான் முதலில் பேசுகிறார். ஆய்வகம் இணையவழித் தேர்வுக்குத் திறக்கும் அளவுக்குப் பாடவேளைக்குத் திறப்பதில்லை என்பது அடுத்த புகார். உயர்நிலை வகுப்புகளுக்குத் தனிக் கணினி ஆசிரியர் வேண்டும் என்ற கோரிக்கைக்கும் வயதாகிவிட்டது.

பணியிடம் உருவாகும்வரை காத்திருக்காமல் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பக்கத்துப் பள்ளிகள் ஒன்றுகூடும் குறுவள மையக் கூட்டத்துக்கு ஆசிரியர்கள் வரத்தான் செய்கிறார்கள். அந்த நாளில் பாதியைச் சுற்றறிக்கைகளிலிருந்து மீட்டு, வகுப்பில் தான் செய்துபார்த்த ஒன்றை ஓர் ஆசிரியர் மற்றவர்களுக்குக் காட்ட ஒதுக்கலாம். அது ஜியோஜீப்ரா கோப்பாக இருக்கலாம், புளியங்கொட்டையாகவும் இருக்கலாம். கூடவே, ஒன்றியத்துக்கு ஒருவரையாவது எமிஸ் வேலையிலிருந்து விடுவித்து, பள்ளி பள்ளியாகப் போய் சக ஆசிரியரோடு வகுப்பில் நிற்க அனுப்பலாம். இரண்டுக்கும் புதிய கருவி எதையும் வாங்கத் தேவையில்லை.

(அடுத்த வாரம்: மகாராஷ்டிரத்தின் சோலாப்பூர் மாவட்டத்தில், பரித்தேவாடி என்ற சிற்றூரின் தொடக்கப் பள்ளி)