மிளகிலுள்ள பைப்பரினும் அழற்சியும்

மிளகுக்குக் காரத்தை அளிப்பது பைப்பரின் என்னும் ஆல்கலாய்டு ஆகும். மின்னோட்டம் காந்த ஊசியைத் திருப்பும் என்பதை 1820-இல் வெளியிட்ட டென்மார்க் நாட்டு விஞ்ஞானி எர்ஸ்டெட் என்பவரே, அதற்கு முந்திய ஆண்டில் இப்பொருளை மிளகிலிருந்து பிரித்தெடுத்தார். திப்பிலியிலும் இது உண்டு. சுக்கு, மிளகு, திப்பிலி ஆகிய மூன்றும் சேர்ந்த திரிகடுகம் நம் நாட்டு வைத்தியத்தில் நெடுங்காலமாக வழங்கி வருகிறது.

உடலின் ஒரு பகுதி அடிபட்டாலோ கிருமிகளால் தாக்கப்பட்டாலோ அங்கே சிவப்பு, வெப்பம், வீக்கம், வலி ஆகியவை தோன்றுகின்றன. இதுவே அழற்சி எனப்படும். இது உடலின் தற்காப்பு முறையே. ஆனால் அது தணியாமல் நீடித்தால், முடக்குவாதத்தில் நிகழ்வதுபோல, மூட்டுகளையே அரித்துவிடும்.

பைப்பரின் இதனைத் தணிக்குமா? தென் கொரிய ஆராய்ச்சியாளர்கள் 2009-இல் இதைப் பரிசோதித்தனர். முடக்குவாத நோயாளிகளின் மூட்டு உறையிலிருந்து எடுத்து வளர்த்த உயிரணுக்களை இன்டர்லூக்கின்-1 பீட்டா என்னும் பொருளால் தூண்டி, அவற்றுடன் பைப்பரினைச் சேர்த்தனர். வலிக்குக் காரணமான புராஸ்டாகிளாண்டின் இ-2 குறைவாகவே உண்டாயிற்று. இன்டர்லூக்கின்-6 என்னும் அழற்சிப் பொருளும் குறைந்தது. மூட்டழற்சி உண்டாக்கப்பட்ட எலிகளுக்கு, உடல் எடையில் ஒரு கிலோகிராமுக்கு நாள்தோறும் 20 அல்லது 100 மில்லிகிராம் கொடுத்தபோது நோய்க்குறிகள் தணிந்தன.

இங்கு அளவைக் கருத வேண்டும். 20 மில்லிகிராம் என்பதையே 50 கிலோகிராம் எடையுள்ள மனிதருக்கு நேராகப் பெருக்கினால், நாளொன்றுக்கு 1 கிராம் பைப்பரின் ஆகிறது. மிளகில் 5 சதவீதம் பைப்பரின் உண்டெனக் கொண்டால், அதற்கு 20 கிராம் மிளகு வேண்டும். எலிக்குரிய அளவு மனிதருக்கு அப்படியே பொருந்தாது. எனினும் இரசத்தில் சேரும் சிட்டிகை மிளகுக்கும் ஆய்வுக்கூட அளவுக்கும் உள்ள தூரத்தை இக்கணக்கு புலப்படுத்தும்.

பைப்பரினுக்கு மற்றொரு குணமும் உண்டு. குடலிலும் கல்லீரலிலும் அயற்பொருள்களைச் சிதைக்கும் நொதிகளை அது தடுக்கிறது. மஞ்சளிலுள்ள குர்க்குமின் 2 கிராமுடன் 20 மில்லிகிராம் பைப்பரின் சேர்த்தபோது, இரத்தத்தில் சேரும் குர்க்குமின் ஏறத்தாழ 20 மடங்கு உயர்ந்ததெனப் பெங்களூரில் நடந்த ஆய்வொன்று 1998-இல் தெரிவித்தது. இக்குணமே தீங்காகவும் முடியலாம். வலிப்பு நோய்க்குரிய பெனிட்டாயின், இளைப்பு நோய்க்குரிய தியோபிலின் ஆகிய மருந்துகளின் அளவும் பைப்பரினால் இரத்தத்தில் உயர்வது கண்டறியப்பட்டுள்ளது.

ஆகவே, உணவில் வழக்கமாகச் சேரும் மிளகை விலக்க வேண்டியதில்லை. ஆனால் செறிவூட்டிய பைப்பரின் மாத்திரைகளை, பிற மருந்து உண்போர் மருத்துவரைக் கேளாமல் உட்கொள்ளலாகாது. மூட்டு வீங்கிய ஒருவர் மிளகுக் கஷாயத்தை மட்டும் நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போட்டால், அரிக்கப்பட்ட மூட்டு மீண்டும் பழைய நிலையை அடையாது. களப்பணியாளர்கள் இதனை மக்களுக்கு எடுத்துரைத்தல் வேண்டும். ஆசிரியர்கள் மேற்கண்ட கணக்கை மாணவர்களைக் கொண்டே செய்வித்தல் நலம்.