கையெழுத்திட்ட காசோலையும் கடன் பொறுப்பும்

நாயுடுபேட்டை வணிகர் ஒருவர், சென்னை வாடிக்கையாளர் தந்த காசோலையைத் தம் வங்கிக் கிளையில் வசூலுக்குச் செலுத்த, அது பணமின்றித் திரும்பியது எனக் கொள்வோம். 2015-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, வணிகர் வழக்கிற்காகச் சென்னை செல்ல வேண்டுவதில்லை. தம் கிளை அமைந்த இடத்திற்குரிய நீதிமன்றத்தையே நாடலாம். காசோலை திரும்பிய செய்தி கிடைத்த 30 நாள்களுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும். அதைப் பெற்றவர் 15 நாள்களில் பணம் தராவிடில், அடுத்த ஒரு மாதத்திற்குள் புகார் அளிக்க வேண்டும்.

சிக்கல் பின்னரே எழும். பொதுவாகக் குற்றத்தை மெய்ப்பிக்கும் சுமை குற்றஞ்சாட்டுபவருடையது. இங்கோ, கையெழுத்து தம்முடையது என ஒருவர் ஒப்புக்கொண்டால், காசோலை கடனுக்காகவே தரப்பட்டது என நீதிமன்றம் ஊகித்துக்கொள்ளும். மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 139-ஆம் பிரிவு அவ்வாறு விதிக்கிறது. ‘ஈடாக வெற்றுக் காசோலைதானே கொடுத்தேன்’ என்போர் பலர். விரும்பிக் கையெழுத்திட்டுத் தந்த காசோலையில் தொகையைப் பிறர் நிரப்பியிருந்தாலும் இவ்வூகம் பொருந்தும் என உச்ச நீதிமன்றம் 2019 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது.

எனினும் இது மறுக்கத்தக்க ஊகமே. அவ்வாண்டு ஏப்ரலில் வேறொரு வழக்கு. 6 லட்சம் ரூபாய் கைமாற்றாகத் தந்ததாகக் கூறியவருக்கு அவ்வளவு பண வசதி இருந்ததா என்னும் ஐயம் தீராமையால், எதிர்த்தரப்பினர் விடுதலை பெற்றார். மறுப்பவர் ஐயந்திரிபற மெய்ப்பிக்க வேண்டுவதில்லை. தம் கூற்றே நிகழ்ந்திருக்கக்கூடியது எனக் காட்டினால் போதும். அதற்குக் கணக்கு அறிக்கையும் ரசீதும் பெரிதும் உதவும். கடன் தீர்ந்த நாளன்றே ஈட்டுக் காசோலையைக் கேட்டு வாங்கிக்கொள்வது இன்னும் எளிது.