பழைய வான்படங்களில் இருப்புப்பாதையை அடையாளம் காணல்

பழைய கறுப்பு வெள்ளை வான்படங்களில் இருப்புப்பாதை, சாலை, கால்வாய் மூன்றும் கோடுகளாகவே தெரியும். தொடர்வண்டி சட்டெனத் திரும்ப இயலாது. எனவே இருப்புப்பாதை நீண்ட வளைவுகளாகவே செல்லும். சாலை செங்கோணத்திலும் திரும்பும்.

செங்கல்பட்டுப் படத்தில் முதலில் கொளவாய் ஏரியைக் கண்டுகொள்ள வேண்டும். அதையொட்டி வரும் பாதை, செங்கல்பட்டுச் சந்திப்பில் விழுப்புரத்துக்கும், காஞ்சிபுரம் வழியாக அரக்கோணத்துக்கும் பிரிகிறது. இந்தப் பிரிவு நல்ல அடையாளம்.

மாமல்லபுரப் பகுதியில் கடற்கரைக்கு இணையாகச் செல்லும் நீண்ட கோடு பக்கிங்காம் கால்வாய். அவ்வூருக்கு இருப்புப்பாதை இல்லை.

இன்றைய வரைபடத்தில் இல்லை என்பதற்காக மட்டும் ஒரு கோட்டை ஒதுக்கிவிடக் கூடாது. தனுஷ்கோடிப் பாதை 1964 டிசம்பர் புயலில் அழிந்தது. அதற்கு முந்தைய படத்தில் அது இருக்கும். படம் எடுத்த காலத்து நில அளவை வரைபடத்தோடு ஒப்பிட்ட பிறகே பெயர் எழுத வேண்டும். தவறாக எழுதிய பெயர் ஊர் வரலாறாகவே பரவிவிடும்.