உழவு இயந்திரத்தின் கிளச்சு வழுக்குதல்

பெரும்போக உழவின் நடுவே எஞ்சின் இரைந்து வேகங்கொள்ளும். சில்லுகளோ அதற்கேற்பச் சுழலா. கருகல் மணமும் எழும். கிளச்சு வழுக்குவதற்கு இவையே அறிகுறிகளாம். சில்லு சேற்றில் வீணே சுழல்வது வேறு.

உழவை உடனே நிறுத்துதல் வேண்டும். தொடர்ந்து உழுதால் தட்டோடு அது அழுந்தும் இரும்புப் பரப்பும் சூட்டினாற் கெடும்.

முதலிற் கிளச்சு மிதியைச் சோதித்தல் நன்று. பெரும்பாலான நான்கு சில்லு இயந்திரங்களில் அது ஏறக்குறைய 1 அங்குலம் பாரமின்றி இறங்கும். அவ்விடைவெளி அற்றுப்போயின் புதுத் தட்டும் வழுக்கும். ஆகவே கைந்நூலிற் குறித்த அளவுக்கு இணைப்புக் கம்பியைத் திருத்துதல் வேண்டும்.

பின்னரும் வழுக்கினால் தட்டுத் தேய்ந்திருக்கலாம். அன்றேல் எண்ணெய் படிந்திருக்கலாம். கசிவை அடைக்காது தட்டை மாற்றுவது வீண் செலவாகும்.

உழும்போது மிதியிற் காலை ஊன்றாத கமக்காரருக்குக் கிளச்சு நெடுநாள் உழைக்கும்.